தளம் மாறும் தமிழ்: இயங்குதள மாற்றங்களும் எழுத்தின் இடப்பெயர்ச்சியும்

புறநானூற்றில் 267, 268 என்னும் எண்ணுடைய இரு பாடல்கள் இன்று நம்மிடம் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நூலுருவில் கிடைத்தில. பழைய ஏட்டிலிருந்து புதிய ஏட்டிற்கும், ஏட்டிலிருந்து அச்சிற்கும் தமிழ் இடம்பெயர்ந்த நெடும்பயணத்தில் நம் கைக்கு வந்து சேராதவை இவை. 1887-ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றினர். அத்தகையோர் உழைத்திராவிடின் இழப்பின் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். இவையெல்லாம் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்த செய்திகளே. ஆயினும் நம் கண்முன்னே, நம் வீட்டு மேசையின் மீதே, அதனையொத்த மற்றோர் இடப்பெயர்ச்சி நிகழ்ந்துகொண்டிருப்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்திலோம். கணிப்பொறியின் இயங்குதளம் மாறுந்தோறும் தமிழ் எழுத்திற்கு நேர்வதே அது. பத்தாண்டு நிறைவெய்தும் நம் இலக்கிய வட்டத்தின் இம்மலரில் அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றை எழுத என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. எங்கள் துறையிலிருந்த பழைய கணிப்பொறிகளுக்கோ விண்டோஸ் 11 வேண்டும் பாதுகாப்புச் சில்லு முதலிய தகுதிகள் இல்லை. புதியன வாங்கப் பணமும் இல்லை. கணிப்பொறி பயிலும் மாணவர் இருவர் முன்வந்து, லினக்ஸ் வகையைச் சார்ந்த உபுண்டு என்னும் இயங்குதளத்தை நிறுவித் தந்தனர். பின்னர்ப் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அண்மை ஆண்டுகளின் வினாத்தாள்கள், கட்டுரைகள், மாணவர் கவிதைகள் யாவும் ஓர் எழுத்தும் பிசகாமல் திறந்தன. அடுத்து, 2006-இல் நான் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைத் திறந்தோம். முந்நூறு பக்கங்களிலும் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. "இது என்ன மொழி அம்மா?" என்று கேட்டார் மாணவர். "தமிழ்தான்" என்றேன். அவர் நம்பவில்லை.

ஒரே நாளில், ஒரே கணிப்பொறியில், ஒரே மாற்றத்திற்கு உட்பட்ட இருவகைக் கோப்புகளுள் ஒன்று பிழைத்தது, மற்றொன்று பிழைத்திலது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதே இவ்வரலாற்றை அறிவதாகும்.

1. எண்ணும் எழுத்தும்

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். நாம் ஒரு விசையை அழுத்தினால் ஓர் எண் பதிவாகிறது. அவ்வெண்ணுக்குரிய வடிவம் திரையில் தோன்றுகிறது. எந்த விசைக்கு எந்த எண், எந்த எண்ணுக்கு எந்த வடிவம், வடிவங்கள் தம்முள் எவ்வாறு இணைதல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் பொறிக்கும் மனிதருக்கும் இடையே நின்று ஆள்வது இயங்குதளம். வீட்டிற்கு அடித்தளம் எவ்வாறோ அவ்வாறே பிற மென்பொருள்களுக்கு அது.

1963-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் மொத்தம் 128 இடங்களே இருந்தன. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அவற்றுள் அடங்கிவிட்டன. பின்னர் அது 256 இடங்களாக விரிந்தபோதும் கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அசையாமல் நின்றது. ஆதலின் ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இயங்குதள மாற்றம் என்பது வீட்டின் வண்ணம் மாறுவதைப் போன்றதே; ஏ என்னும் எழுத்து எந்தத் தளத்திலும் 65 என்னும் எண்ணே. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். அவற்றுள் ஒன்றுக்கும் அவ்வட்டவணையில் இடம் இல்லை. எனவே நமக்குத் தளம் மாறுதல் என்பது பல காலம் எழுத்தே மாறுதலாக இருந்தது.

2. டாஸ் காலம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டது. அதனோடு வந்த டாஸ் என்னும் இயங்குதளமே அடுத்த பத்தாண்டுகளில் அலுவலகங்களில் பரவியது. வரிக்கு 80 எழுத்து, திரைக்கு 25 வரி என்னும் கட்டத்திற்குள் ஆங்கிலம் மட்டுமே எழுதவல்ல கரிய திரை அது. அதனுள் தமிழைக் கொணர்வதற்கு இருவழிகள் இருந்தன.

ஒன்று, பொறிக்குள்ளேயே தனி அட்டை ஒன்றைச் செருகுதல். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிப் புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை இவ்வகையது. அட்டை உள்ள பொறியில் தமிழ் தோன்றும். அட்டையைக் கழற்றினால் தமிழும் கழன்றுவிடும். மற்றொன்று, தமிழுக்கெனவே தனிச் சொற்செயலி எழுதுதல். கனடாவில் வாழ்ந்த முனைவர் கே. சீனிவாசன் உருவாக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசும் இவ்வழியில் முன்னோடிகள். அரசோ பெருநிறுவனமோ பணிக்காமல், தம் மொழியைத் தம் பொறியில் காணும் வேட்கை ஒன்றே உந்த, கடல் கடந்து வாழ்ந்த தமிழர் இப்பணியில் முற்பட்டனர் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

ஆயினும் இவ்விருவழிகளிலும் எழுதப்பெற்ற தமிழ் அந்தந்த அட்டைக்கும் செயலிக்கும் மட்டுமே உரியதாயிற்று. டாஸ் மறைந்தபோது, வேறு வடிவிற்கு மாற்றி வைக்கப்பெறாத கோப்புகள் படிப்பாரற்றுப் போயின.

3. விண்டோஸ் காலமும் எழுத்துருப் பெருக்கமும்

1990-இல் விண்டோஸ் 3.0-உம், 1992-இல் விண்டோஸ் 3.1-உம் வெளிவந்தன. பின்னதில் ட்ரூடைப் என்னும் எழுத்துரு நுட்பம் இடம்பெற்றது. எழுத்தின் வடிவத்தை வளைகோடுகளாக வரைந்து ஒரு கோப்பாக நிறுவினால் திரையிலும் தாளிலும் அவ்வடிவம் அப்படியே தோன்றும். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்துவிட்டால் பொறியை எளிதில் ஏமாற்றிவிடலாம். அட்டையும் வேண்டா; தனிச் செயலியும் வேண்டா. தமிழ் ஒளியச்சுத் துறை ஒரு சில ஆண்டுகளில் தழைத்தது இந்நுட்பத்தினாலேயே. ஈய எழுத்துகளை அடுக்கிய கைகள் விசைப்பலகைக்கு வந்தன. கவிஞர் பலரின் முதல் தொகுப்பு அச்சேறியதும் இக்காலத்தில்தான்.

ஆனால் அந்த ஏமாற்றின் விலையைப் பின்னர்க் கொடுக்க நேர்ந்தது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சிட்டால் பொறி பதிவு செய்யும் எண்கள் 106, 107, 112, 111, 59 என்பன. இவை ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துகளும் அரைப்புள்ளியும் ஆகும். பொறியின் நினைவில் தமிழ் என்பது எங்கும் இல்லை. எழுத்துரு என்னும் முகமூடி உள்ளவரை தமிழாகத் தோன்றும். முகமூடி விலகின் ஜே, கே, பி, ஓ. என் ஆய்வேட்டிற்கு நேர்ந்ததும் இதுவே.

முகமூடியும் ஒன்றன்று. எழுத்துரு வரைந்த ஒவ்வொருவரும் தமக்கு உகந்த இடத்தில் உகந்த எழுத்தை வைத்தனர். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா உருவாக்கிய தட்டச்சுப்பொறியின் விசை அமைப்பைச் சிலர் தழுவினர்; ஒலிபெயர்ப்பு முறையைச் சிலர் மேற்கொண்டனர். ஓர் அச்சகத்தில் அடித்த கட்டுரையை அடுத்த தெருவிலுள்ள அச்சகத்தில் திறக்க இயலாத நிலை வந்தது. ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணிப்பொறியிலோ 128-க்கு மேற்பட்ட இடங்களின் வரிசையே வேறு. ஆதலின் விண்டோஸில் எழுதியது அங்குச் சென்றால் பாதி எழுத்துகள் உருமாறின. எழுத்துருவை விற்றவர் தொழிலை நிறுத்தினால் அவ்வெழுத்துருவில் எழுதிய நூல்கள் அனைத்தும் திக்கற்றவையாயின.

இக்குழப்பத்திற்கிடையேதான் தமிழ் இணையத்திலும் காலூன்றியது. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளும் இணையத்தில் ஏற்றப்பெற்றபோது, தமிழ்க் கவிதைகளை ஏற்றும் பணியில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி முன்னின்றார். இணையத்தில் முதன்முதல் தோன்றிய தமிழ் எழுத்துகளுள் கவிதைகளும் இருந்தன என்பது இவ்வட்டத்தார் மகிழ்தற்குரிய செய்தி. 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் உழைப்பால் மின்னுருவாக்கியது. அத்திட்டம் முதலில் ஓர் எழுத்துருவிலும், பின்னர்த் தகுதரம் எனப்படும் பொதுக் குறியீட்டிலும், அதன்பின் ஒருங்குறியிலுமாகத் தன் நூல்களை மீண்டும் மீண்டும் மாற்றியமைக்க நேர்ந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பொறுமை அது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. விசைப்பலகை நிலைத்தது. குறியீடுகளோ முன்னரே வழங்கியவற்றோடு இன்னும் இரண்டாக எண்ணப்பட்டன.

4. பொது இருக்கை

நிலையான தீர்வுக்கான விதை அதற்கு முன்பே ஊன்றப்பெற்றிருந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் ஒரே அட்டவணையில் தனித்தனி இடம் தருவதை நோக்கமாகக் கொண்ட யூனிகோடு, தமிழில் நாம் ஒருங்குறி என வழங்குவது, தன் முதற்பதிப்பை 1991-இல் வெளியிட்டது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இம்முறையில் 'தமிழ்' என்னும் சொல் 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் எண்களாகப் பதிவாகிறது. உலகின் எந்தப் பொறியிலும் எந்தத் தளத்திலும் 2980 என்பது தகரமே. வேறு எந்த மொழியின் எந்த எழுத்தும் அன்று. முகமூடி கழன்று முகம் கிடைத்தது என்று இதனைக் கூறலாம்.

இவ்வமைப்பில் எழுத்துகள் நிற்கும் முறையும் வேறு. பழைய எழுத்துருக்களில் 'கொ' என்பதற்குக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பின்னர்க் கால் எனப் பதிவாகும். ஒருங்குறியில் முதலில் ககரமும் அதனையடுத்து ஒகரக் குறியும் பதிவாகின்றன. கொம்பை முன்னும் காலைப் பின்னும் நிறுத்தும் வேலை இயங்குதளத்தினுடையது. எனவே இயங்குதளம் தமிழின் எழுத்திலக்கணத்தைக் கற்றுக்கொண்டாலன்றி ஒருங்குறித் தமிழ் திரையில் ஒழுங்காகத் தோன்றாது. 1991-இல் இடம் கிடைத்தும் பத்தாண்டுக்காலம் அது பயன்படாதிருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000, லதா என்னும் எழுத்துருவோடு தமிழைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆப்பிளின் இயங்குதளத்தில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துரு பின்னர் இடம்பெற்றது. லினக்ஸுக்கு 2004-இல் ரெட் ஹேட் நிறுவனம் லோஹித் எழுத்துருக்களை யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை தந்து வழங்கியது. எ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சுக் கருவிகளைத் தன்னார்வலர் ஆக்கித் தந்தனர். 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்ற வேளையில், தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீடாகிய டேஸ் 16-ஐயும் தரங்களாக ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறி குறையற்றதன்று. புள்ளி பெற்ற மெய்யே அடிப்படை, உயிரேறி உயிர்மெய்யாகும் என்பது நம் இலக்கண மரபு. ஒருங்குறியிலோ அகரமேறிய எழுத்து அடிப்படையாகி, மெய்யைப் பெறப் புள்ளியைத் தனியே சேர்க்க வேண்டியுள்ளது. இலக்கணப் புலவர் இதனைக் கடிந்தது நியாயமே. ஆயினும் எல்லாத் தளங்களும் ஒருமித்து ஏற்ற ஒரு குறையுள்ள முறை, ஒவ்வொரு தளத்திலும் தனித்தனியே இயங்கும் பல நிறைவான முறைகளைக் காட்டிலும் மொழியைக் காக்கும் என்பதே இதுகாறும் கண்ட வரலாறு தரும் பாடம்.

5. அரசுகள் தளம் மாறிய கதை

இதுவரை கூறியவை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் தளங்களுக்கிடையே நிகழ்ந்த மாற்றங்கள். லினக்ஸின் பிறப்பு வேறு. மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுடையோர் என்னும் கொள்கையோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் இயங்குதளக் கருவை எழுதி உலகோர் முன் வைத்தார். இரண்டும் இணைந்து உருவானதே இன்றைய லினக்ஸ்.

இத்தளத்திற்கு மாறத் துணிந்த அரசமைப்புகளுள் ஜெர்மனியின் மியூனிக் நகரம் பெரிதும் பேசப்பட்டது. விண்டோஸ் என்.டி.4 என்னும் பழைய தளத்திற்கான ஆதரவு முடிவுக்கு வந்த நிலையில், 2003-இல் அந்நகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. 2013-இல் பணி நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாறியிருந்தன. பத்தாண்டு ஏன் பிடித்தது? தளத்தை நிறுவுவது எளிது. அலுவலகங்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்திருந்த ஆயிரக்கணக்கான ஆவண வார்ப்புருக்களை மாற்றுவதே கடிது. அதற்கெனவே வோல்மக்ஸ் என்னும் தனி மென்பொருளை அந்நகரமே எழுத நேர்ந்தது. இவ்வளவும் செய்தபின் 2017-இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப அந்நகர மன்றம் முடிவெடுத்தது. அரசியல், நிருவாகம், பயனர் மனக்குறை எனக் காரணம் பலவாறு கூறப்பட்டது. நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு: தளம் மாறும்போது கனப்பது பொறியன்று, பொறியினுள் நாம் எழுதிவைத்ததே.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் கதை வேறு. அங்குப் பள்ளிக் கணிப்பொறிக் கல்வி கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறியது, இன்றளவும் நிலைத்திருக்கிறது. 2002-இல் தோன்றிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழுவினர் தம் மொழிக்கான எழுத்துருக்களைப் பேணி வளர்த்து அனைவர்க்கும் உரிமையாக்கினர். தளம் மாறியபோது எழுத்தும் உடன் வந்தது. தமிழ்நாட்டிலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு இணைத்து வழங்கப்பெற்றது. மாணவர் பலர் அதனைத் திறந்து பாராமலேயே விட்டனர் என்பதை ஆசிரியர் என்னும் முறையில் கண்டிருக்கிறேன்.

ஆயினும் ஒரு வியப்பு உண்டு. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு பேசியின் உள்ளே இயங்குவது லினக்ஸ் கருவே. லினக்ஸ் என்னும் பெயரையும் கேட்டறியாத கவிஞர், நாள்தோறும் அதன்மீதுதான் கவிதை எழுதுகிறார். அவருக்கு இம்மாற்றம் தெரியாமற் போனதற்குக் காரணம், அவர் எழுதுவது ஒருங்குறியில் என்பதே. அறியாமல் நிகழும் மாற்றமே நல்ல மாற்றம் போலும்.

6. மாற்றத்தில் நேரும் பாடவேறுபாடு

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இன்று பல உள்ளன. ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன் ஆக்கிய பொங்குதமிழ் மாற்றி அவற்றுள் பலரும் அறிந்தது. என் ஆய்வேடும் இத்தகைய ஒரு மாற்றியினாலேயே மீண்டது. ஆனால் மாற்றி தரும் பாடத்தை அப்படியே கொள்ளலாகாது என்பதைப் பட்டறிந்தேன்.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்திற்கும் ஒரே வடிவம், ஒரே எண். ஆதலின் கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால் அது 'வெள' என்பதா, 'வௌ' என்பதா என்று பொறிக்குத் தெரியாது. கவனமின்றி எழுதப்பட்ட மாற்றி 'வெள்ளம்' என்பதை 'வௌ்ளம்' என ஆக்கிவிடும். 'மெள்ள' என்பது 'மௌ்ள' ஆகும். இத்தகைய பிழைகளை இன்றும் இணையப் பக்கங்களில் காணலாம். புள்ளி தனித்து நிற்பதால் இவற்றைக் கண்டுபிடித்தல் எளிது. 'வெளவெளத்த' என்னும் சொல் 'வௌவௌத்த' ஆகிவிட்டால் எந்தப் பொறியும் பிழை காணாது. தமிழறிந்த கண் ஒன்று படித்தாலன்றி அது திருந்தாது.

நம் வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மறைந்தபின், அவர்தம் இல்லத்தார் ஒரு குறுவட்டை என்னிடம் தந்தனர். அதில் எண்பத்து மூன்று கவிதைகள். எந்த எழுத்துரு என்பதற்குக் குறிப்பில்லை. அறிந்த மாற்றி எதுவும் பொருந்தவில்லை. நற்பேறாக அவற்றுள் நான்கு கவிதைகள் நம் வட்டத்தின் மாதமடலில் முன்னர் அச்சாகியிருந்தன. அச்சுப் படியை ஒருபுறமும் பொருளற்ற எழுத்துக் குவியலை மறுபுறமும் வைத்துக்கொண்டு, எந்தக் குறி எந்த எழுத்து என நானும் இரு மாணவரும் பட்டியலிட்டோம். மாலைப்பொழுதுகள் சில கழிந்தபின் எண்பத்து மூன்றும் தமிழாக எழுந்தன. அவருடைய குரலையே மீளக் கேட்டாற்போன்றிருந்தது.

முற்றிலும் எழுந்தன என்று கூறுவதற்கில்லை. அக்கோப்பு எப்போதோ மின்னஞ்சல் வழியாகச் சென்று மீண்டபோது, 128-க்கு மேற்பட்ட எண்களில் சில அழிந்து அவ்விடங்களில் வினாக்குறி விழுந்திருந்தது. பெரும்பாலானவற்றைச் சொல்லின் பிற எழுத்துகளைக் கொண்டு நிரப்பினோம். ஓரிடத்தில் மட்டும் இயலவில்லை. ஆகாரம், வினாக்குறி, மகர மெய், அதனையடுத்து 'மனம்' என்னும் சொல். அவ்வெழுத்துருவில் றுகரமும் ளுகரமும் அழிந்த பகுதியிலேயே இருந்தன. 'ஆறும் மனம்' என்று பாடினாரோ, 'ஆளும் மனம்' என்று பாடினாரோ? கவிதையின் போக்கு இரண்டிற்கும் இடம் தருகிறது. தணியும் நெஞ்சு வேறு, ஆட்டிப்படைக்கும் நெஞ்சு வேறு. கேட்டுத் தெளிய அவர் இல்லை. சிதைந்த ஏட்டின் எழுத்து விளங்காதவிடத்துப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டு விட்டதைப் போல, நாங்களும் புள்ளியிட்டு விட்டோம்.

ஒரே ஓரெழுத்து. ஆயினும் அந்த ஓரெழுத்தில் ஒரு கவிதையின் பொருள் போயிற்று. கறையானும் வெள்ளமும் செய்த வேலையை ஒரு தள மாற்றமும் செய்யவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

7. வட்டத்தார் செய்யத்தக்கன

இவ்வரலாற்றினின்று நாம் மேற்கொள்ளத்தக்கன சில. முதலாவதாக, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பழைய குறுவட்டுகளையும் நெகிழ்வட்டுகளையும் இப்பொழுதே வெளியே எடுத்தல் வேண்டும். எந்த எழுத்துருவில் அடித்தது, எவர் அடித்தது என்பதை நினைவுள்ள போதே ஒரு தாளில் எழுதி உடன்வைத்தல் நலம். எழுத்துருக் கோப்பு கையில் இருப்பின் அதனையும் சேர்த்து வைக்க வேண்டும். அதனை நிறுவினால் எந்தத் தளத்திலும் பழைய தோற்றம் ஓரளவு மீளும். மாற்றும் பணிக்கும் அதுவே வழிகாட்டி.

இரண்டாவதாக, இனி எழுதுவன யாவும் ஒருங்குறியிலேயே அமைதல் வேண்டும். அச்சகத்தார் பழைய எழுத்துருவை வேண்டினால் அவர்களுக்கென ஒரு படியை மாற்றித் தருவோம். மூலம் நம்மிடம் ஒருங்குறியிலேயே இருக்கட்டும். நூலை வடிவமைத்த கோப்பு வேறு, கவிதையின் மூலம் வேறு. அலங்காரம் ஏதுமற்ற வெற்றெழுத்துக் கோப்பே எல்லாத் தளங்களிலும் திறக்கும் எளிய கலம்.

மூன்றாவதாக, தளம் மாறுமுன் கோப்புகளைப் படியெடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறியபின் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, மாற்றித் தந்த பாடத்தை அச்சுப் படியோடு ஒப்புநோக்க வேண்டும். இது கணிப்பொறி வல்லுநர் வேலையன்று. தமிழ் கற்றோர் வேலை. மெய்ப்புத் திருத்தும் கண்ணும் பாடவேறுபாடு ஆயும் பழக்கமும் நம்மிடமே உள்ளன.

இறுதியாக ஒன்று. நம் வட்டம் தொடங்கிய முதல் மூன்றாண்டுகளின் மாதமடல்கள் அச்சகத்தின் பழைய எழுத்துருவில் அமைந்தவை. அவற்றின் கோப்புகள் இன்று எவரிடமும் இல்லை. தாட்படிகள் மட்டும் உறுப்பினர் சிலர் இல்லங்களில் உள்ளன. பத்தாண்டு விழாவின் நினைவாக அவற்றை ஒருங்குறியில் தட்டச்சிட்டுத் தொகுக்கும் பணியை மேற்கொள்ளுமாறு வட்டத்தாரை வேண்டுகிறேன். தட்டச்சிட என் மாணவர் அணியமாயுள்ளனர். ஒப்புநோக்க நம் கவிஞர் பெருமக்கள் வருவார்களாக. மறைந்த கவிஞரின் நான்கு கவிதைகள் அம்மடல்களில் அச்சாகியிராவிடின் எஞ்சிய எழுபத்தொன்பதும் நமக்குக் கிட்டியிரா. இன்னும் எவருடைய கவிதைகளுக்கு எந்த மடல் திறவுகோலாகுமோ, நாம் அறியோம்.

விண்டோஸ் 10 போயிற்று; இனி வருவனவும் ஒருநாள் போகும். தளங்கள் மாறுதல் இயல்பு. அவற்றின்மீது நடக்கும் தமிழ் இடறாமல் நடக்க வேண்டுமெனின், ஒவ்வொரு மாற்றத்தின் போதும் உடன்நின்று படிப்பார் ஒருவர் வேண்டும். அடுத்த பத்தாண்டு நிறைவில் இம்மலரைத் திறப்பவர் எந்தத் தளத்தில் திறப்பினும் ஓரெழுத்தும் குறையாமல் படிப்பாராக.